வழக்குக் கட்டுகளை மென்பொருளில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை பாரிமுனையைச் சுற்றியுள்ள வழக்கறிஞர் அலுவலகங்களில், தம்புச் செட்டித் தெருவானாலும் லிங்கிச் செட்டித் தெருவானாலும், கேஸ் கட்டுகள் அலமாரியை நிறைத்துவிட்டுத் தரைக்கும் இறங்கிவிட்டன. அதனால் பலரும் ஆவண மேலாண்மை மென்பொருளுக்கு மாறுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் மாறிய பிறகும் ஓர் ஆவணம் தேவைப்பட்டால் குமாஸ்தாவைத்தான் தேடுகிறார்கள். எந்த வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தத் தாளோடு எந்தத் தாள் சேரும், அசல் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. தாள்களை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு அந்த அறிவை ஏற்றாமல் விடுவதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஆகவே ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் குமாஸ்தாவை உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் கட்டைப் பிரித்து அடுக்கும் வரிசையை எழுதி வாங்குங்கள்: வக்காலத்து, வழக்குரை, எதிருரை, இடைக்கால மனுக்கள், சான்றாவணங்கள், சாட்சி விசாரணை, உத்தரவுகள், கடிதப் போக்குவரத்து. அந்த வரிசையே மென்பொருளின் உறைகளாக (ஃபோல்டர்களாக) வேண்டும். விற்பனையாளர் கொடுக்கும் ஆயத்த அமைப்பு பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களின் பழக்கத்துக்கு ஏற்ப அமைந்தது. நம் நீதிமன்ற நடைமுறைக்கு அதை மாற்றாமல் பயன்படுத்தினால், எல்லாத் தாள்களும் ‘இதர’ என்ற உறைக்குள் போய்ச் சேரும்.

நீதிமன்ற எண்ணையே கோப்பின் அடையாளமாக வைப்பது

ஒரு வழக்கு தன் வாழ்நாளில் பல எண்களைப் பெறுகிறது. தாக்கல் செய்ததும் கிடைப்பது எஸ்.ஆர். எண். நீதிமன்றம் கோப்புக்கு எடுத்துக்கொண்ட பிறகு ஓ.எஸ். (அசல் வழக்கு) எண். மேல்முறையீட்டுக்குப் போனால் ஏ.எஸ்., இரண்டாம் மேல்முறையீட்டில் எஸ்.ஏ., தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்கும்போது ஈ.பி. வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டால் இன்னொரு புது எண். மண்ணடியில் ஒரு கடையைக் காலி செய்யக் கேட்கும் தகராறை எடுத்துக்கொள்வோம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அது ஆர்.சி.ஓ.பி. என்ற எண்ணைத் தாங்கியிருக்கும். 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தாக்கலாகும் மனு ஆர்.எல்.டி.ஓ.பி. ஆகிவிட்டது. வீட்டுக்காரரும் பழையவரே, கடைக்காரரும் பழையவரே. ஆனால் எண்ணை நம்பி உறை திறந்த அலுவலகத்தில் ஒரே தகராறின் தாள்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. கட்சிக்காரர் முதன்முதலில் வரும் நாளிலேயே அலுவலகத்துக்கென ஒரு நிரந்தர எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஆண்டும் வரிசை எண்ணும் போதும். நீதிமன்ற எண்கள் எல்லாம் அதன்கீழ்த் தனித்தனிப் புலங்களாக (தகவலை நிரப்பும் கட்டங்களாக) வரட்டும். இ-கோர்ட்ஸ் தளம் ஒவ்வொரு வழக்குக்கும் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணுக்கும் கட்டாயம் ஒரு புலம் வேண்டும். வாய்தா விவரத்தைச் சரிபார்க்க அதைவிட நம்பகமான வழி இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கு எண்ணில் வரும் சாய்கோட்டை விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் ஏற்காது. ஒருவர் அதை நீக்கிவிட்டுச் சேர்த்து எழுதுவார், ஒருவர் சிறுகோடு போடுவார், இன்னொருவர் புள்ளி வைப்பார். பிறகு தேடினால் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும்.

பத்திரத்தின் பின்பக்கத்தை விட்டுவிடுவது

ராயபுரத்தில் ஒரு பூர்வீக வீட்டுக்கான பாகப்பிரிவினை வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் இருப்பது அறுபதுகளில் கையால் எழுதப்பட்ட கிரயப் பத்திரம். நான்காக மடித்து மடித்து, மடிப்பு வழியே முத்திரைத்தாள் நூலாகியிருக்கிறது. முன்பக்கத்தில் சொத்து விவரமும் நான்கெல்லையும். திருப்பிப் பார்த்தால் முத்திரைத்தாள் விற்பனையாளரின் முத்திரை, வாங்கியவர் பெயர், வாங்கிய தேதி, சார்பதிவாளரின் மேலெழுத்து, ஆவண எண், எந்தப் புத்தகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கங்கள் என்ற குறிப்பு. பத்திரம் பதிவானதையும் எந்த நாளில் பதிவானது என்பதையும் காட்டுவது அந்தப் பின்பக்கம்தான். ஸ்கேனரை ஒருபக்கப் பதிவில் வைத்து வேகவேகமாகத் தள்ளினால் போவது இதுதான்.

முத்திரைத்தாள் ஏ4 அளவைவிட நீளமானது. கண்ணாடியில் வைத்தால் அடிப்பகுதி வெளியே நிற்கும், சாட்சிகளின் கையெழுத்து அங்கேதான் இருக்கும். கட்டில் கோத்த நூலை அவிழ்க்கச் சோம்பி அப்படியே விரித்து வைத்தால் இடது ஓரத்து எழுத்துகள் மடிப்பில் மறையும். இப்படிப்பட்ட பழைய தாள்களைத் தானியங்கித் தட்டில் போடவே கூடாது. ஒருமுறை கிழிந்தால் அசல் போனதுதான். தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ ஒரு குடும்பத்துக்கு இருக்கும் ஒரே சொத்தின் தாய்ப்பத்திரம் அது என்பதை ஸ்கேன் செய்யும் பையன் அறிந்திருக்க வேண்டும். கண்ணாடித் தட்டில், 300 டிபிஐ தெளிவில், வண்ணத்தில், இருபக்கமும் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் முத்திரையின் மையும் எழுத்தின் மையும் ஒன்றாகிவிடும். எடுத்த பிறகு தாள்களின் எண்ணிக்கையையும் கோப்பின் பக்க எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் ஆளை நியமியுங்கள். ஸ்கேன் செய்தவரே சரிபார்க்கக் கூடாது.

அசல் எங்கே என்பதற்கும் ஒரு புலம் வையுங்கள். நம் அலமாரியிலா, கட்சிக்காரரிடமா, வங்கியில் அடமானத்திலா, நீதிமன்றத்தில் ஏ1 என்று குறியீடு இடப்பட்டுக் கிடக்கிறதா? திரையில் தெளிவான படம் இருப்பதால் அசலும் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாட்சி விசாரணை நாளில் வெறுங்கையோடு போய் நிற்பவர்கள் உண்டு.

எல்லாம் தேடினால் கிடைக்கும் என்று நம்புவது

ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். அதை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் ஓடினால்தான் தேடல் வேலை செய்யும். அதில் தமிழ் மொழியைத் தேர்ந்தெடுக்க மறந்தால் தமிழ்ப் பக்கங்களில் பொருளற்ற எழுத்துகளே மிஞ்சும். டெசராக்ட் போன்ற இலவசக் கருவிகள் அச்சிட்ட தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. கையெழுத்துப் பத்திரங்களில் அவற்றை நம்ப முடியாது. அத்தகைய ஆவணங்களுக்குச் சர்வே எண், கதவு எண், தரப்பினர் பெயர், ஆவண எண், ஆண்டு ஆகியவற்றைக் கையால் தட்டச்சு செய்து புலங்களில் இடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு சிக்கல் பழைய எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த மனுக்கள் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கிலக் குறிகள். ‘மண்ணடி’ என்று தேடினால் ஒரு வரியும் வராது. அலுவலகத்தின் பழைய வேர்டு கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். பெயர்களிலும் இதே தொல்லை உண்டு. சண்முகம் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக வருவார். ஆதாரில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று, காசோலையில் ஒன்று. கட்சிக்காரர் பக்கத்தில் எல்லா வடிவங்களையும் ஒரே இடத்தில் பதிந்துவைத்தால் தேடலுக்கும் உதவும். இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் போட வேண்டிய நாளிலும் உதவும்.

‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘சார் திருத்தியது’ என்று கோப்புகளுக்குப் பெயர் வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். மென்பொருளின் பதிப்பு வரலாறு இதற்காகத்தான் இருக்கிறது. தாக்கல் ஆன பிரதியை மட்டும் பூட்டி, ‘2024-03-12 எதிருரை தாக்கல்’ என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயரிடுங்கள். நாள் எண்ணை முதலில் எழுதினால் கோப்புகள் காலவரிசையில் நிற்காது.

வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே சான்றாக வைப்பது

கட்சிக்காரர்கள் புகைப்படத்தையும் ஒலிப்பதிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை அந்தச் செயலி சுருக்கிவிடுகிறது. எடுத்த நேரம் முதலான உள்விவரங்களும் போய்விடுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. ஒரு பகுதியைத் தரப்பினரும் மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் விரல்ரேகை போன்ற குறியீட்டையும், அதில் குறிக்க வேண்டும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. படத்தைத் திறந்து சற்றே வெட்டிச் சேமித்தால் மாறிவிடும். ஆகவே மூலக் கைபேசியிலிருந்து கேபிள் வழியாகக் கோப்பை எடுத்து, அன்றே ஹாஷ் கணக்கிட்டு, யாரும் திருத்த முடியாத உறையில் வையுங்கள். வேலைக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியைப் பத்திரமாக வைத்திருக்கும்படி கட்சிக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

தேதியை ஆவணத்துக்குள்ளேயே புதைத்துவிடுவது

சௌகார்பேட்டை, மண்ணடி வியாபாரிகளின் காசோலை வழக்குகள் ஜார்ஜ் டவுன் வழக்கறிஞர்களுக்கு அன்றாட வேலை. திரும்பிய காசோலைக்கான, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் எல்லாமே தேதிதான். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது எதிர்த்தரப்புக்குக் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். வங்கி மெமோ, அஞ்சல் ரசீது, ஒப்புகை அட்டை மூன்றும் அழகாக ஸ்கேன் ஆகி உறைக்குள் இருக்கின்றன. ஆனால் மெமோ கையில் கிடைத்த நாளையும் நோட்டீஸ் சேர்ந்த நாளையும் யாரும் தேதிப் புலத்தில் இடவில்லை என்றால் மென்பொருளால் நினைவூட்ட முடியாது. சிவில் வழக்கில் சம்மன் சேர்ந்த நாளும் அப்படியே. எதிருரைக்கு 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. வணிக வழக்குகளில் 120 நாள் கடந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். கெடு நாளைக் கணக்கிடும் பொறுப்பு வழக்கறிஞருடையது. மென்பொருள் காட்டும் நாளை இன்னொருவர் நாட்காட்டியை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்

இதைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். கட்சிக்காரர் மனைவியிடமும் சொல்லாததை வழக்கறிஞரிடம் சொல்கிறார். சீனியர், ஜூனியர், குமாஸ்தா, பகுதிநேரத் தட்டச்சர் எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் நுழையும் அலுவலகத்தில், யார் எதைத் திறந்தார், யார் எதை அழித்தார் என்ற பதிவுக்கே பொருளில்லை. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். ஜூனியர் விலகும் நாளிலேயே அவர் கணக்கை மூடுங்கள். உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள ஜாப் டைப்பிங் கடைகளில் பென் டிரைவைக் கொடுத்து அச்செடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கோப்பு அந்தக் கணினியில் தங்கிவிடுகிறது, வைரஸ் உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது.

பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பிடிஎஃப் கோப்பில் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் பெயர் மறைவதில்லை. அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்து வெளியே வந்துவிடும். உள்ளிருக்கும் எழுத்தையே நீக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அந்த உறைகளை வழக்கை நடத்துபவர் மட்டுமே திறக்க முடிய வேண்டும்.

ஒத்திசைவைக் காப்புநகல் என்று எண்ணுவது

மேகச் சேமிப்பில் ஒத்திசைவு (எல்லாக் கணினிகளிலும் ஒரே கோப்பைத் தானாக வைத்திருக்கும் வசதி) ஓடுகிறது, அதனால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கணினியில் தவறுதலாக அழித்தால் எல்லாக் கணினிகளிலும் அழியும். பணம் பறிக்கும் வைரஸ் பூட்டினாலும் பூட்டிய கோப்பே எங்கும் பரவும். காப்புநகல் தனி. மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். வியாசர்பாடியும் பட்டாளமும் புளியந்தோப்பும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்றன. தரைத்தளத்து அலுவலகத்தில் கணினியின் பக்கத்திலேயே வெளி வன்தட்டை வைத்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். மாதம் ஒருமுறை ஏதாவதொரு வழக்கைக் காப்புநகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் கேளுங்கள்: ஒரு வழக்கை மட்டும் முழுமையாக, உறை வரிசையோடும் தேதிப் புலங்களோடும், சாதாரண பிடிஎஃப் கோப்புகளாக வெளியே எடுக்க முடியுமா? கட்டணம் பாக்கி என்பதற்காக வழக்கறிஞர் கட்டைப் பிடித்துவைக்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்தது. கட்சிக்காரர் வேறு வழக்கறிஞரிடம் போகும்போது அசல்களோடு இந்த மின்கோப்புகளையும் ஒரு பட்டியலிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து அதே எண்ணின்கீழ் வைத்துவிடுங்கள்.