சுவர்க்கோழி வளர்ப்பு: ஒரே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தொடங்குவோருக்கு

கடலூர் முதுநகர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் விளக்கை அணைத்த பிறகு அடுப்படி மூலையிலிருந்து எழும் இரைச்சல் பெரும்பாலும் சுவர்க்கோழி என்ற பூச்சியினுடையதே. அவற்றுள் வெளிர்பழுப்பு உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட சிறிய இனத்தை 1869இல் பிரான்சிஸ் வாக்கர் விவரித்தார். அறிவியல் பெயர் கிரில்லோடெஸ் சிகில்லேட்டஸ். மேலைநாட்டுப் பண்ணைகளில் வளர்ந்த ஐரோப்பிய இனத்தை டென்சோ வைரஸ் கூட்டம் கூட்டமாகக் கொன்றபோது, அந்நோய்க்கு எளிதில் மடியாத இந்த இனத்துக்குப் பலர் மாறினார்கள். நான் இதை வளர்ப்பது கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியாக.

முதலில் ஆண், பெண் வேறுபாட்டை அறிய வேண்டும். வால்பக்கம் ஊசிபோல் நீண்ட முட்டையிடும் குழாய் இருந்தால் அது பெண். அதற்குச் சிறகு இருந்தும் இல்லாததுபோல்தான். ஆணுக்கு வயிற்றைப் பாதி மூடும் குட்டைச் சிறகுகள் உண்டு, அவற்றை ஒன்றோடொன்று உரசித்தான் அது ஒலியெழுப்புகிறது. அந்த ஒலியைக் கேட்கும் செவியோ முன்னங்காலில் இருக்கிறது. பத்துப் பெண்களுக்கு மூன்று நான்கு ஆண்கள் போதும்.

அடுத்தது தொட்டி. உட்பக்கம் வழவழப்பான, ஆழமான பிளாஸ்டிக் தொட்டியில் காகித முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்குங்கள். பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும் என்பதால் மூடியில் கம்பி வலை வேண்டும். தொட்டியை மேசைமேல் வைத்து, எறும்பு ஏறாதிருக்க மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

கோழித் தீவனத்தூளும் கேரட் துண்டும் உணவாகப் போதும். புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். திறந்த தண்ணீரில் சுவர்க்கோழிக் குஞ்சுகள் மூழ்கும் என்பதால் ஈரப்பஞ்சு வையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் பசியைவிட ஈரமே இவற்றுக்குப் பெரிய எதிரி. சென்ற ஐப்பசி மழையில் குளிருமென்று ஈரச் சாக்கைத் தொட்டிமேல் போர்த்தினேன். மூன்றாம் நாள் அட்டைகளில் பூஞ்சை படர்ந்து, தொட்டி முழுவதும் நாற்றமெடுத்தது. அந்தப் பஞ்சையும் முட்டையிட வைக்கும் கிண்ணத்தையும் தவிர எதுவும் ஈரமாக இருக்கக் கூடாது.

முட்டைக் கிண்ணத்தில் ஈரத் தென்னைநார்த் தூளை இரண்டு அங்குலம் நிரப்பி வைத்தால், பெண் அந்த ஊசியைத் தூளுக்குள் இறக்கி முட்டையிடும். அதற்குமுன் நடப்பது பார்க்கத் தக்கது: ஆண் தன் விந்துப்பையோடு பசைபோன்ற ஓர் உணவுக்கட்டியையும் ஒட்டித் தருகிறது; பெண் அதைத் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில்தான் விந்து உள்ளே செல்கிறது. கட்டி தீர்ந்ததும் பையையும் பிய்த்துத் தின்றுவிடும் என்பதால், பெரிய கட்டி தந்த ஆணுக்கே அதிக வாய்ப்பு. மூன்று நாள் கழித்துக் கிண்ணத்தை வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். ஏறக்குறைய 30 பாகை வெப்பத்தில் இரண்டு வாரங்களில் எறும்பளவுக் குஞ்சுகள் வெளிவரும். கோடையில் கடலூருக்குத் தனி விளக்கு தேவையில்லை. பல முறை தோலுரித்து, ஏறக்குறைய இரண்டு மாதங்களில் அவை முழு வளர்ச்சி பெறும்.

வளர்ந்தவற்றைக் கோழிக்கும் மீனுக்கும் கொடுக்கலாம். தூண்டில் இரையாகவும் பயன்படும். தாய்லாந்தில் வேறு சுவர்க்கோழி இனங்களைப் பண்ணையில் வளர்த்து, வறுத்து உண்கிறார்கள். உண்ண விரும்புவோர் கவனிக்க: இறால் ஒவ்வாதவர்களுக்கு, இரண்டிலும் டிரோபோமயோசின் என்ற ஒத்த புரதம் இருப்பதால், இதுவும் ஒவ்வாமல் போகலாம். குப்பையிலும் மருந்து அடித்த வீட்டிலும் பிடித்ததை எக்காரணத்துக்காகவும் வாயில் வைக்காதீர்கள்; கோழிக்கும் போடாதீர்கள்.