இணைய இணைப்பை நிறுத்தும்போது வாடகை ரவுட்டரைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருந்து பக்கத்திலுள்ள திருநெல்வேலிக்கு நாங்கள் வீடு மாறியபோது பழைய இணைய இணைப்பை நிறுத்தினோம். கடைசி பில்லைக் கட்டி, ரவுட்டரை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்தேன். அங்கிருந்த தம்பி வாங்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, "சரி அக்கா, நீங்கள் போகலாம்" என்றார். நானும் வந்துவிட்டேன். நாலு மாதம் கழித்து, ரவுட்டரை ஒப்படைக்கவில்லை, அதன் பெறுமதியைக் கட்டுங்கள் என்று கடிதம் வந்தது.

மூன்று முறை அலைந்தேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஒரு வட்ஸ்அப் படம். வீடு மாறும் அன்று தங்கைக்கு "இந்தப் பெட்டியைத்தானே கொடுக்க வேணும்?" என்று கேட்டு, ரவுட்டரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அதில் தொடர் இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. அதை வைத்துத் தேடியபோது பெட்டி அவர்களுடைய களஞ்சியத்திலேயே இருந்தது. அந்த ஒரு படம் இல்லாவிட்டால் காசைக் கட்டித்தான் இருப்பேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

படி 1: பெட்டி யாருடையது என்று பாருங்கள்

இணைப்பு எடுத்த நாளில் தந்த விண்ணப்பப் பிரதியையும் முதல் மாத பில்லையும் தேடி எடுங்கள். ரவுட்டருக்கு விலை போட்டுக் காசு வாங்கியிருந்தால் அது உங்களுடையது. மாத வாடகை என்றோ வைப்புப் பணம் என்றோ ஒரு வரி இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. "இலவசம்" என்று தந்திருந்தால் கவனம். இத்தனை மாதம் பாவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதோடு சேர்ந்திருக்கலாம். கடதாசி ஒன்றும் இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து (எஸ்எல்டி-மொபிட்டல் என்றால் 1212), "இந்த ரவுட்டர் எனக்குச் சொந்தமா, கம்பனிக்குச் சொந்தமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த செய்மதி இணையமான ஸ்டார்லிங்கில் டிஷ்ஷையும் ரவுட்டரையும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவை அவர்களுக்கே சொந்தம்.

படி 2: இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் அதிகம் பேர் சிக்குவது இந்த இடத்தில்தான். லைன் அப்பாவின் பெயரில் இருக்கும், அப்பா கனடாவில் இருப்பார். அல்லது வீட்டுக்காரரின் பெயரில் இருக்கும், நாங்கள் வாடகைக்கு இருந்து பில்லை மட்டும் கட்டிக்கொண்டிருப்போம். பெட்டியைக் கையில் கொண்டு போனாலும் "கணக்குக்காரர் வர வேணும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் போகும் முன்பே கேட்டு ஆயத்தமாகுங்கள். கணக்குக்காரர் வெளிநாட்டில் என்றால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், அவருடைய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் பிரதி, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். அவர் இறந்துவிட்டிருந்தால் இறப்புச் சான்றிதழின் பிரதி தேவைப்படும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போவதே சுகம்.

இன்னொன்று. பைபர் (கண்ணாடி இழை) இணைப்போடு 021 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசியும் சேர்ந்து வந்திருந்தால், இணைப்பை நிறுத்தும்போது அந்த இலக்கமும் போய்விடும். அம்மாவுக்கு லண்டனில் இருந்தும் டொரொன்டோவில் இருந்தும் இருபது வருடமாக வருகிற அழைப்பெல்லாம் அந்த இலக்கத்துக்குத்தான் வரும். வங்கியிலும் அதுவே பதிந்திருக்கக்கூடும். எல்லாரிடமும் புது இலக்கத்தைச் சொல்லி முடித்த பிறகு நிறுத்துங்கள். கம்பனி தந்த மின்னஞ்சல் முகவரியைப் பாவிக்கிறவர்களும் அதை முதலில் மாற்ற வேண்டும்.

படி 3: எழுத்தில் அறிவியுங்கள்

தொலைபேசியில் சொன்னதோடு விடாதீர்கள். கிளையில் படிவம் தந்தால் நிரப்பி, அதை ஒரு படம் எடுங்கள். படிவம் இல்லையென்றால் இப்படி ஒரு கடிதம் போதும்:

"எனது பெயரில் உள்ள (கணக்கு இலக்கம்) இணைய இணைப்பை (திகதி) முதல் நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். வாடகைக்குப் பெற்ற ரவுட்டரை (தொடர் இலக்கம்) ஒப்படைக்க வேண்டிய இடத்தையும், இறுதிக் கட்டணத்தையும், வைப்புப் பணம் திரும்பக் கிடைக்கும் முறையையும் எழுத்தில் அறியத் தரவும்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் திகதியும் குத்தி வாங்குங்கள். பெட்டியோடு வேறு என்னென்ன பொருட்கள் வர வேண்டும், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 4: கழற்றும் முன் படம் எடுங்கள்

ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் மொடல் பெயர், தொடர் இலக்கம், கறுப்புக் கோடுகள் எல்லாம் இருக்கும். சிம் போடும் ரவுட்டர் என்றால் 15 இலக்கம் கொண்ட ஐஎம்இஐ எண்ணும் இருக்கும். எழுத்து மிகச் சின்னது. வெயில் விழுகிற விறாந்தைக்குக் கொண்டுவந்து, ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுங்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். 8-உம் B-யும் குழம்பினால் திரும்ப எடுங்கள். பிறகு முன்பக்கம், பின்பக்கம், அடப்டர் என்று தனித்தனியாக எடுத்து, எல்லாவற்றையும் வீட்டில் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய திகதியும் அதிலேயே பதிந்துவிடும்.

படி 5: உள்ளே இருப்பதை அழியுங்கள்

உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்குள் அப்படியே இருக்கும். மின்சாரத்தில் போட்டபடி, பின்னால் உள்ள சின்ன ரீசெட் துளைக்குள் ஒரு ஊசியை நுழைத்து 10 முதல் 15 விநாடி வரை அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் எல்லாம் அணைந்து திரும்ப எரியும். இதை இணைப்பு நின்றுவிட்டது என்று உறுதியான பிறகே செய்யுங்கள். முதலே செய்தால் இணைப்புக்கான அமைப்புகளும் அழிந்துபோய், மிச்ச நாட்களுக்கு இணையம் இல்லாமல் இருக்க நேரிடலாம். பின்னால் யுஎஸ்பி ஏதும் செருகியிருந்தால் அதை எடுக்கவும் மறக்க வேண்டாம்.

படி 6: கழற்றுவது

பைபர் என்றால், பச்சை நுனியுள்ள சின்னச் சதுரச் செருகி ஒன்று பெட்டிக்குள் போயிருக்கும். அதன் உடம்பைப் பிடித்து நேராக இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே ஓடுவது மயிரிழை தடிப்பான கண்ணாடி, கூர்மையாக மடித்தால் உடைந்துவிடும். நுனிக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. மூடி இருந்தால் போட்டு, இல்லாவிட்டால் சுத்தமான பொலித்தீன் துண்டைச் சுற்றி, சுவர் ஓரமாகப் பெரிய வளையமாக விடுங்கள். கொண்டுவரச் சொன்னால் தவிர, சுவரில் வரும் வயரை அறுக்கவோ பிடுங்கவோ வேண்டாம். கூரையிலோ குழாயிலோ பூட்டிய அன்டெனா என்றால் நீங்கள் ஏற வேண்டாம், அவர்களை வந்து கழற்றச் சொல்லுங்கள்.

அடப்டர் விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இன்று வீடுகளில் சிசிடிவி பெட்டியின் அடப்டரும் ரவுட்டரின் அடப்டரும் ஒரே கறுப்பு, செருகியும் ஒரே அளவு. ஆனால் ஒன்றில் 12 வோல்ட் 1 அம்பியர், மற்றதில் 12 வோல்ட் 2 அம்பியர் என்று இருக்கும். 9 வோல்ட் அடப்டர்களும் உண்டு. ரவுட்டரின் ஸ்டிக்கரில் எழுதியிருப்பதும் அடப்டரில் எழுதியிருப்பதும் பொருந்துகிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அவை மாறித்தான் இருந்தன, ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அடப்டர் குறைந்தாலும் மாறினாலும் அதற்குத் தனியாகக் காசு கேட்கலாம். டிவி பெட்டி எடுத்தவர்கள் ரிமோட்டையும், சிம் ரவுட்டர் எடுத்தவர்கள் சிம்மையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 7: துடைத்துக் கட்டுவது

எங்கள் ஊர் ரவுட்டருக்குள் எறும்பு இல்லாமல் இராது. சூடான இடம் என்று பல்லியும் காற்றுத் துளைக்குப் பக்கத்தில் முட்டையிட்டிருக்கும். மின்சாரத்தைக் கழற்றிய பிறகு, காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் துளைகளைத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது. திருகாணியைக் கழற்றித் திறக்கவும் கூடாது. திறந்த அடையாளம் தெரிந்தால் பழுதாக்கிவிட்டீர்கள் என்று சொல்வார்கள்.

பொருட்களைப் பொலித்தீனில் சுற்றி ஒரு மட்டைப் பெட்டியில் வையுங்கள். கார்த்திகை மழையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும், நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வருகிறவர்களுக்கும் இரண்டு சுற்றுத் தேவை. பெட்டியை ரேப்பால் இறுக ஒட்ட வேண்டாம், கவுண்டரில் திறந்து காட்ட வேண்டியிருக்கும்.

படி 8: ஒப்படைப்பது

கூரியரில் அனுப்புவதை விட நேரில் கொடுப்பது நல்லது. காலையிலேயே போங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்படும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் விட்ட பிழை இந்த இடத்தில்தான். பற்றுச்சீட்டு இல்லாமல் பெட்டியைக் கையை விட்டு விடாதீர்கள். "ரவுட்டர் பெறப்பட்டது" என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது. கணக்கு இலக்கம், ரவுட்டரின் தொடர் இலக்கம், கொடுத்த பொருட்களின் பெயர், திகதி, வாங்கியவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். தொடர் இலக்கத்தை உங்கள் படத்தோடு அந்த இடத்திலேயே ஒப்பிடுங்கள். பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை, "தம்பி, ஒரு நிமிஷம், இந்த நம்பரையும் எழுதித் தாங்கோ" என்று தன்மையாகக் கேட்டால் எழுதித் தருவார்கள். சீட்டுப் புத்தகம் இல்லை என்றால், நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் கையெழுத்து வாங்குங்கள். வெளியே வந்ததும் அதைப் படம் எடுங்கள், வெப்பத்தாளில் அடிக்கும் சீட்டு சில மாதத்தில் மங்கிவிடும்.

படி 9: இறுதி பில் வரும் வரை

வங்கி அட்டையில் இருந்து தானாகக் கழியும் ஒழுங்கு வைத்திருந்தால், இறுதி பில் சரியாக முடிந்ததும் அதை நிறுத்துங்கள். வைப்புப் பணம் வராவிட்டாலோ, கொடுத்த பெட்டிக்குக் காசு கேட்டாலோ, பற்றுச்சீட்டின் பிரதியோடு முதலில் கம்பனிக்கு எழுதி முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தொலைபேசி 1900, அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில். அரச நிறுவனம் என்பதால் தமிழிலேயே எழுதலாம். கடிதப் பிரதி, தொடர் இலக்கப் படம், பற்றுச்சீட்டு மூன்றையும் இணைத்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரு உறையில் போட்டு, தண்ணீர் பில், கரண்ட் பில் வைக்கும் கோப்பிலேயே வையுங்கள். புது இணைப்புக்கு வந்த பெட்டி மேசையில் இருக்கிறதல்லவா, அதையும் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரை இன்றைக்கே ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.