ரீபூட் அறிவிப்பு வந்தால் எதைப் பார்ப்பது, எதை எழுதுவது: சூப்பர்ஹீரோ ரசிகருக்கான கையேடு

2022 அக்டோபர் 24 அன்று, தான் மீண்டும் சூப்பர்மேனாக வரப்போவதாக நடிகர் ஹென்றி கேவில் இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். மறுநாளே இயக்குநர் ஜேம்ஸ் கன்னும் தயாரிப்பாளர் பீட்டர் சஃப்ரானும், சூப்பர்மேன் படங்களை எடுக்கும் வார்னரின் டிசி ஸ்டூடியோஸின் தலைமைக்கு வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. டிசம்பர் 14 அன்று, தான் வரப்போவதில்லை என்று கேவிலே எழுதினார். ஏழே வாரம்.

இந்த மூன்றில் கனமான செய்தி நடுவில் வந்ததுதான். புதிதாக வரும் தலைமை, பழைய தலைமை வாய்மொழியாகக் கொடுத்த வாக்கைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ரீபூட் (பழைய படங்களின் கதையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது) செய்தி வந்ததும் போஸ்டரையும் நடிகரின் பதிவையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒப்பந்தத்தையும் காலண்டரையும் பாருங்கள்.

எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ரீபூட் என்றே செய்திகளில் எழுதிவிடுவார்கள். ஒரே கேள்வியில் பிரித்துவிடலாம்: பழைய படத்தில் செத்தவர் புதிய படத்திலும் செத்தவர்தானா?

'இல்லை, எல்லாமே முதலிலிருந்து' என்றால் அது முழு ரீபூட். 2005இன் 'பேட்மேன் பிகின்ஸ்', 2012இன் 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' இரண்டும் இந்த வகை. 'ஆமாம், முகம் மட்டும்தான் வேறு' என்றால் அது வெறும் நடிகர் மாற்றம். 2008இல் ஹல்க்காக எட்வர்ட் நார்ட்டன் நடித்தார், 2012இல் மார்க் ரஃபலோ வந்தார், கதை அப்படியே தொடர்ந்தது. இதற்குப் போய் 'ரீபூட் வேண்டாம்' என்று கொடி பிடிப்பது வீண் வேலை.

தலைவலி தருவது நடுவில் இருக்கும் அரை ரீபூட். கன்னின் டிசி உலகம் இதற்கு நல்ல உதாரணம். சூப்பர்மேன் புதியவர், ஆனால் அமாண்டா வாலராக வயோலா டேவிஸும் பீஸ்மேக்கராக ஜான் சீனாவும் தொடர்கிறார்கள். 'பீஸ்மேக்கர்' முதல் சீசனின் கடைசி எபிசோடில் பழைய படங்களின் சூப்பர்ஹீரோ அணியான ஜஸ்டிஸ் லீக் தலைகாட்டியது. 2025இல் வந்த இரண்டாவது சீசனின் முன்கதைச் சுருக்கத்தில் அந்தக் காட்சியையே மாற்றி, புதிய 'சூப்பர்மேன்' படத்தின் அணியான ஜஸ்டிஸ் கேங்கை வைத்துவிட்டார்கள். அரை ரீபூட்டில் இப்படித்தான் நடக்கும்: எது செல்லும், எது செல்லாது என்பதைப் படைப்பாளிகள் ஒவ்வொன்றாகப் பிறகு சொல்வார்கள். அறிவிப்பு வந்த அன்றே பட்டியல் போட்டு வைத்தால் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கும்.

உரிமை யாரிடம் என்று பாருங்கள்

'இவ்வளவு சீக்கிரம் எதற்கு இன்னொரு படம்?' என்ற கேள்விக்குப் பல சமயம் பதில் கதையில் இருக்காது, பத்திரத்தில் இருக்கும். திரை உரிமையை வாங்கிய ஸ்டூடியோ குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால், உரிமை காமிக்ஸ் நிறுவனத்துக்கே திரும்பிவிடும் என்பது இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான ஷரத்து.

ஸ்பைடர்மேன் விஷயத்தில் இதை விரல்விட்டே கணக்குப் போடலாம். அதன் திரை உரிமையை வைத்திருக்கும் சோனியிடமிருந்து 2014இல் கசிந்த ஆவணங்கள் வழியே தெரியவந்த நிபந்தனை இது: ஒரு படம் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டு 9 மாதத்துக்குள் அடுத்ததன் தயாரிப்பு தொடங்க வேண்டும், 5 ஆண்டு 9 மாதத்துக்குள் அது வெளியாக வேண்டும். ஸ்பைடர்மேன் படமான 'நோ வே ஹோம்' வெளியானது 2021 டிசம்பர் 17. அதோடு 3 ஆண்டு 9 மாதத்தைக் கூட்டினால் 2025 செப்டம்பர் நடுப்பகுதி வருகிறது. அடுத்த படத்தின் படப்பிடிப்பு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கெடுதான் ஒரே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'அவசரப்படுகிறார்கள்' என்று திட்டுவதற்கு முன் இந்தக் கூட்டலைப் போட்டுவிடுவது நல்லது.

கெடு எவ்வளவு விபரீதமாக வேலை செய்யும் என்பதற்கு ஃபென்டாஸ்டிக் ஃபோர் சாட்சி. அதன் திரை உரிமையை வைத்திருந்த கான்ஸ்டன்டின் நிறுவனம் 1992 முடிவதற்குள் தயாரிப்பைத் தொடங்கியாக வேண்டிய நிலை. குறைந்த செலவில் படமெடுப்பதற்குப் பேர்போன தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனைச் சேர்த்துக்கொண்டு சுமார் 10 லட்சம் டாலரில் ஒரு படத்தை எடுத்து முடித்தார்கள். அது இன்றுவரை முறையாக வெளியாகவில்லை. கள்ளப் பிரதியாகத்தான் சுற்றுகிறது. உரிமை மட்டும் தங்கியது, அதை வைத்து 2005, 2007, 2015 என்று மூன்று படங்கள் வந்தன. டேர்டெவிலுக்கு நடந்தது நேர் எதிர். 2012 அக்டோபர் 10க்குள் புதிய படத்தைத் தொடங்க ஃபாக்ஸ் ஸ்டூடியோவால் முடியவில்லை, உரிமை காமிக்ஸ் நிறுவனமான மார்வெலுக்குத் திரும்பியது, 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தது. அங்கே ரசிகருக்கு நல்லது செய்தது, எடுக்கப்படாமல் போன ரீபூட்.

நிறுவனமே கைமாறினால் கூட்டல் கழித்தலுக்கு வேலை இல்லை. ஃபாக்ஸை, மார்வெலின் சொந்தக்காரரான டிஸ்னி வாங்கி முடித்தது 2019 மார்ச் 20. அன்றைக்கே எக்ஸ்மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் இரண்டின் ரீபூட்டும் முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தேதிதான் தெரியாமல் இருந்தது. இரண்டாவது 2025 ஜூலையில் வந்தது.

அறிவிப்பை எடை போடுவது

2014 அக்டோபரில் வார்னர் 2020 வரைக்குமான 10 டிசி படங்களை ஒரே மூச்சில் அறிவித்தது. அதில் 'சைபார்க்', 'கிரீன் லான்டர்ன்', 'ஜஸ்டிஸ் லீக்' இரண்டாம் பாகம் மூன்றும் வரவே இல்லை. 2018 மார்ச்சுக்குத் தேதி குறித்த 'தி ஃபிளாஷ்' 2023 ஜூனில் வந்தது. மேடையில் விரியும் பட்டியலைப் பங்குதாரர்களுக்கான அறிக்கையாக வாசித்தால் ஏமாற்றம் குறையும்.

எடை போடும் வரிசை, கனம் குறைந்ததிலிருந்து கூடியது வரை:

1. பெயர் சொல்லாத 'உள்வட்டாரத் தகவல்'. பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
2. 'பேச்சுவார்த்தையில் இருக்கிறார்' என்று ஹாலிவுட் தொழில் பத்திரிகைகளில் வரும் செய்தி. பேச்சு நடப்பது உண்மையாக இருக்கும், முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.
3. ஸ்டூடியோ தானே சொல்லும் தலைப்பும் தேதியும். தேதி என்பது பெரும்பாலும் தியேட்டரில் துண்டு போட்டு இடம் பிடிப்பது. பெயரிடப்படாத மார்வெல் படங்களுக்குக்கூட ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே தேதி போடுவார்கள்.
4. இயக்குநர், முடிந்த திரைக்கதை, நாயகன் மூன்றும் ஒன்றாக இருப்பது. நம்பத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.
5. படப்பிடிப்புத் தொடக்கம்.

நான்காவது படியில் மூன்றில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பதை மார்வெலின் 'பிளேட்' படம் காட்டியது. 2019 ஜூலையில் நாயகன் மஹெர்ஷலா அலியை மேடையேற்றி அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் இயக்குநர் பஸாம் தாரிக் விலகினார், 2024 ஜூனில் அடுத்தவரான யான் டெமாஞ்சும் விலகினார், அந்த அக்டோபரில் படம் வெளியீட்டுப் பட்டியலிலிருந்தே தூக்கப்பட்டது. நாயகன் இருந்தார், மற்ற இரண்டும் நிலைக்கவில்லை.

ஐந்தாவது படியும் முழு உத்தரவாதம் இல்லை என்பது வருத்தமான விஷயம். 'பேட்கேர்ள்' படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங் கட்டத்தில் இருந்தபோது, 2022 ஆகஸ்டில் வார்னர் அதை அப்படியே கிடப்பில் போட்டது. ஆனாலும் அது விதிவிலக்கு. 2023 ஜனவரி 31 அன்று கன் அறிவித்த பட்டியலில், திரைக்கதையைத் தானே எழுதிக்கொண்டிருந்த 'சூப்பர்மேன்' மட்டும் சொன்ன தேதியிலேயே, 2025 ஜூலை 11 அன்று, வந்து நின்றது. அதே பட்டியலின் 'தி அத்தாரிட்டி' பின்னுக்குத் தள்ளப்பட்டது. எழுத்து எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பதுதான் ரசிகர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

ரீஷூட் (படப்பிடிப்பு முடிந்த பிறகு சில காட்சிகளை மீண்டும் எடுப்பது) என்றதும் பதறாதீர்கள். பெரிய படங்களுக்கு அதற்கென்று முன்கூட்டியே நாள் ஒதுக்கியிருப்பார்கள். அதை நடத்துவது யார் என்பதைப் பாருங்கள். இயக்குநருக்கும் ஸ்டூடியோவுக்கும் மனக்கசப்பு என்ற செய்தியோடு ரீஷூட் செய்தியும் சேர்ந்து வந்தால் கவலைப்படலாம். 2015இன் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' அப்படிப்பட்டது. எந்தக் காட்சிகள் பிறகு எடுக்கப்பட்டவை என்பதை நடிகை கேட் மாராவின் விக்கை வைத்தே பிரித்துவிடலாம், அவ்வளவு அப்பட்டம்.

முன்கூட்டியே பார்க்க வேண்டியவை

முழு ரீபூட்டுக்கு எதுவும் வேண்டாம், நேராகப் போய் உட்காரலாம். அரை ரீபூட்டுக்கு, புதிய தலைமையின் கீழ் வந்தவற்றை மட்டும் வெளியான வரிசையில் பாருங்கள். டிசி என்றால் 'கிரியேச்சர் கமாண்டோஸ்' 7 எபிசோடு, 'சூப்பர்மேன்', பிறகு 'பீஸ்மேக்கர்' இரண்டாம் சீசன். முதல் சீசனைப் பார்க்காதவர்கள் அதை இரண்டாவதற்கு முன் பார்த்துவிடலாம். பழைய டிவிடிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்லாது என்று ஒதுக்கப்பட்ட ஐந்து ஸ்பைடர்மேன் படங்களும் 2021இல் 'நோ வே ஹோம்' படத்துக்கு வீட்டுப்பாடம் ஆனது நினைவிருக்கும்.

எதிர்வினை எழுதும்போது

மேலே தேதி போடுங்கள். அறிவிக்கப்பட்டது என்ன, உங்கள் ஊகம் என்ன என்பதைத் தனித்தனிப் பத்தியாக வையுங்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்தால், அடுத்தவர் பகிரும்போது உங்கள் ஊகம் செய்தி ஆகிவிடும். கடைசியில், பின்னால் சரிபார்க்கக்கூடிய ஒரு கணிப்பாவது இருக்கட்டும். 'படம் நாசமாகப் போகும்' என்பதைச் சரிபார்க்க முடியாது. 'ஆறு மாதத்துக்குள் இயக்குநர் மாறுவார்' என்பதைச் சரிபார்க்கலாம்.

நடிகர் தேர்வைப் பற்றி முதல் வாரத்தில் தீர்ப்பு எழுதாமல் இருப்பது புத்திசாலித்தனம். 1988இல் மைக்கேல் கீட்டன்தான் பேட்மேன் என்றதும் வார்னருக்குக் கண்டனக் கடிதங்கள் மலையாகக் குவிந்தன. 2006இல் ஜோக்கராக ஹீத் லெட்ஜரா என்று சிரித்தார்கள். அவர் மறைவுக்குப் பிறகு, 2009இல், அதே வேடத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. நடிகரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்றால் அவருடைய முந்தைய வேடங்களில் எது இதற்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று எழுதுங்கள். அவரை டேக் செய்து திட்டுவதில் தகவல் எதுவும் இல்லை.

மனு, ஹேஷ்டேக் பிரச்சாரங்களில் சேரலாமா? சேருவதற்கு முன் இரண்டு கேள்விகள்: கேட்கும் பொருள் ஏற்கனவே எடுக்கப்பட்டு எங்காவது கிடக்கிறதா? அதை வாங்கி வெளியிட யாருக்காவது தேவை இருக்கிறதா? 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை இயக்குநர் ஸாக் ஸ்னைடர் நினைத்த வடிவத்திலேயே வெளியிடக் கேட்டு 2017 நவம்பரில் தொடங்கிய கூச்சல் 2021 மார்ச்சில் பலித்ததற்குக் காரணம், இரண்டுக்கும் பதில் 'ஆமாம்' என்று இருந்தது. அவர் எடுத்த காட்சிகள் கைவசம் இருந்தன. 2020 மே மாதம் தொடங்கவிருந்த வார்னரின் ஓடிடி தளமான எச்பிஓ மேக்ஸுக்கு ஆள் சேர்க்கும் சரக்கு தேவைப்பட்டது. அதன் தொடர்ச்சியான படங்களைக் கேட்கும் பிரச்சாரத்துக்கு இந்த இரண்டுமே இல்லை: படம்பிடித்து வைத்த காட்சிகள் கிடையாது, அதே வேடங்களில் வேறு நடிகர்கள் வந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை, அதை நம்பிப் புதிய படத்தைப் புறக்கணிக்க மட்டும் வேண்டாம்.