போக்கிமான் போட்டிக்கு முதல் டீம்: டிராகனைட்டை நடுவில் வைத்துக் கட்டுவது எப்படி?

போக்கிமான் விளையாட்டில் கதையை முடித்து, எட்டு பேட்ஜும் வாங்கிய கையோடு ஆன்லைன் சண்டைக்குப் போகிறவர்கள் முதல் சில ஆட்டங்களில் மோசமாகத் தோற்பார்கள். லெவல் அதற்குக் காரணம் இல்லை, அங்கே எல்லாருக்கும் ஒரே லெவல்தான். அவர்கள் தங்களிடம் இருப்பதிலேயே வலிமையான ஆறைச் சேர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். எதிராளியோ ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் ஆறைக் கொண்டுவந்திருப்பார். அப்படி ஒரு டீமை முதல் ஆளிலிருந்து ஆறாவது ஆள்வரை இங்கே கட்டிக் காட்டுகிறேன். டைப் பலம் பலவீனம் ஓரளவு தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். தெரியாவிட்டால் 18 டைப்புகளின் அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: எந்தக் களம் என்று முடிவு செய்யுங்கள்

அதிகாரப்பூர்வமான உலகப் போட்டிகள் இரண்டுக்கு இரண்டு முறையில் நடக்கும். ஆறைக் காட்டி, அதில் நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து, லெவல் 50-இல் ஆட வேண்டும். ரசிகர்களிடையே இதே அளவு பிரபலமான இன்னொரு முறை, ஆறுக்கு ஆறு ஒற்றைச் சண்டை. ஸ்மோகன் என்ற ரசிகர் குழு வகுத்த ஓ.யூ. (ஓவர்யூஸ்ட்) விதிகள்படி லெவல் 100-இல் ஆடுவது அது. புதியவர்களுக்கு நான் ஒற்றைச் சண்டையைத்தான் சொல்வேன். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்றே நிற்பதால், எதனால் ஜெயித்தோம், எதனால் தோற்றோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

போக்கிமான் ஷோடவுன் என்ற இணையதளத்தில் இதை பிரவுசரிலேயே இலவசமாக ஆடலாம். எதையும் பிடிக்கவோ வளர்க்கவோ தேவையில்லை. டீம்பில்டரில் பெயரைத் தேடி, மூவ்களை, அதாவது சண்டையில் அது போடும் அடிகளையும் உத்திகளையும், தேர்ந்தெடுத்தால் போதும். ஒன்பதாம் தலைமுறை ஓ.யூ.வை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளின் விதிகள். தடைப்பட்டியல் அவ்வப்போது மாறும். அனுமதி இல்லாத எதையாவது சேர்த்திருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே தளம் சொல்லிவிடும்.

படி 2: ஒரே ஒரு நாயகன்

முதல் இடத்துக்கு, ஆட்டத்தை முடித்துவைக்கும் ஆள் ஒன்றை எடுங்கள். நான் எடுப்பது டிராகனைட். 1996-இல் வந்த முதல் விளையாட்டிலேயே இருந்தது, இன்றும் தாக்குப்பிடிக்கிறது. டைப் டிராகன்/ஃப்ளையிங், அடிப்படைத் தாக்குதல் 134.

அதன் மல்ட்டிஸ்கேல் அபிலிட்டியால் (கூடவே வரும் தனித்திறமை), உயிர் முழுதாக இருக்கும்போது வாங்கும் அடி பாதியாகும். அந்தப் பாதுகாப்பில் ஒரு டர்ன் டிராகன் டான்ஸ் ஆடினால் தாக்குதலும் வேகமும் ஒன்றரை மடங்கு. அப்புறம் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட், இது பெரும்பாலும் எதிராளியை முந்திக்கொண்டு அடிக்கும் மூவ். கூடவே எர்த்குவேக், உயிரைப் பாதி மீட்கும் ரூஸ்ட். நாலு மூவும் ஆயிற்று.

படி 3: அதை யார் தடுப்பார்கள்?

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பலரும் இதைத் தாண்டிப் போய், "அடுத்து எது பலமானது?" என்று தேடுகிறார்கள். இப்போது கேட்க வேண்டியது, "என் டிராகனைட் எதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்?" என்பதுதான். ஒரு தாளில் எழுதுங்கள்.

பலவீனங்கள்: ஐஸ் நான்கு மடங்கு, ராக், டிராகன், ஃபேரி இரு மடங்கு.

அடிக்க முடியாதவர்கள்: முதல் ஆள் கார்விநைட். ஸ்டீல்/ஃப்ளையிங் என்பதால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் அதன்மேல் பாதிதான், எர்த்குவேக் படவே படாது. அடுத்தது கோஸ்ட் டைப்கள். எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் நார்மல் டைப் என்பதால் அவற்றைத் தொடாது.

களத்தில் கிடக்கும் ஆபத்து: ஸ்டெல்த் ராக். எதிராளி இதைப் போட்டுவிட்டால், நாம் உள்ளே அனுப்பும் ஒவ்வொன்றும் பாறை அடி வாங்கிக்கொண்டே வரும். சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு உயிர் போகும், டிராகனைட்டுக்கு நாலில் ஒரு பங்கு. அதைவிட, உயிர் முழுதாக இல்லாததால் மல்ட்டிஸ்கேல் வேலை செய்யாது என்பதே பெரிய இழப்பு. அதனால் டிராகனைட்டின் ஐட்டம், அதாவது அது சண்டைக்குக் கொண்டுபோகும் பொருள், ஹெவி-டியூட்டி பூட்ஸ். அதை மாட்டினால் பாறை ஒன்றும் செய்யாது. ஆனால் நாக் ஆஃப் என்ற மூவ் அந்த பூட்ஸைத் தட்டிவிடும். ஆகவே பாறையை அகற்ற ஓர் ஆளும் தேவை.

மீதி ஐந்து பேரும் இந்தத் தாளிலிருந்துதான் வரப்போகிறார்கள்.

படி 4: தோள் கொடுக்கும் கூட்டாளி

ஹீட்ரானைப் பாருங்கள். ஃபயர்/ஸ்டீல். ஐஸும் ஃபேரியும் அதன்மேல் கால் பங்குதான், டிராகன் அடி பாதி. டிராகனைட்டுக்கு ஐஸ் அடி வருகிறது என்று தெரிந்தால் ஹீட்ரானை உள்ளே அனுப்பலாம். திருப்பிப் பாருங்கள்: ஹீட்ரானின் பலவீனங்கள் கிரவுண்ட் நான்கு மடங்கு, வாட்டர், ஃபைட்டிங் இரு மடங்கு. இவற்றில் கிரவுண்ட் டிராகனைட்டைத் தொடாது, மற்ற இரண்டும் பாதி. ஒருவர் பயப்படும் அடியை மற்றவர் வாங்கிக்கொள்வார். இப்படி ஒரு ஜோடி அமைந்தால் பாதி டீம் கட்டியாயிற்று.

கார்விநைட்டையும் ஹீட்ரான் பார்த்துக்கொள்ளும். மாக்மா ஸ்டார்ம் பட்டுவிட்டால், எதிராளி அந்தக் கார்விநைட்டைச் சாதாரணமாக மாற்றக்கூட முடியாது. அத்துடன் எர்த் பவர், டாண்ட், எதிராளி பக்கம் நாம் போடும் ஸ்டெல்த் ராக். ஐட்டம் லெஃப்ட்ஓவர்ஸ்.

படி 5: வேலைக்கு ஆள் எடுங்கள்

இனி அழகும் புகழும் பார்க்காமல் வேலைக்கு ஆள் சேர்க்க வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த சான்று 2014 உலகப் போட்டி. தென்கொரியாவின் செஜுன் பார்க், பச்சிரிசு என்ற குட்டி அணிலை வைத்து வாஷிங்டனில் சாம்பியன் ஆனார். டிராகனைட்டின் அடிப்படைப் புள்ளிகளைக் கூட்டினால் 600, பச்சிரிசுவுக்கு 405தான். இரண்டுக்கு இரண்டு சண்டையில் அது ஃபாலோ மீ போட்டு, பக்கத்தில் நிற்பவருக்கு வரும் அடிகளைத் தன்மேல் வாங்கிக்கொண்டது. அவரது கியாரடோஸ் பயப்படும் மின்சார அடியோ, பச்சிரிசுவின் வோல்ட் அப்ஸார்ப் அபிலிட்டிக்கு உயிரேற்றும் உணவு. அந்த டீமில் அந்த வேலையை வேறு யாரும் அவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது.

நமக்குத் தேவையான முதல் வேலை, பாறையை அகற்றுவது. கிரேட் டஸ்க் எடுங்கள். கிரவுண்ட்/ஃபைட்டிங். ரேபிட் ஸ்பின் பாறையைத் துடைத்துவிட்டுத் தன் வேகத்தையும் கூட்டிக்கொள்ளும். கோஸ்ட் டைப் எதிரே நின்றால் ரேபிட் ஸ்பின் பலிக்காது, அப்போது நாக் ஆஃபால் அடிக்கலாம். மீதி இரண்டு இடத்துக்கு ஹெட்லாங் ரஷ், ஐஸ் ஸ்பின்னர். ராக் அடி இதன்மேல் கால் பங்குதான். படி 3 தாளில் ராக்கையும் கோடு போட்டு அடித்துவிடலாம்.

அடுத்த வேலை, அடிபடாமல் ஆளை உள்ளே கொண்டுவருவது. ரோட்டம்-வாஷ் இதற்கு அருமையான ஆள். எலக்ட்ரிக்/வாட்டர், லெவிடேட் அபிலிட்டி இருப்பதால் கிரவுண்டும் படாது. ஆக, ஒரே பலவீனம் கிராஸ்தான். எதிராளி அடித்தபின் வோல்ட் ஸ்விட்ச் போட்டால், தானும் அடித்துவிட்டு வெளியேறும், டிராகனைட் புது உயிரோடு வந்து நிற்கும். கிரவுண்ட் டைப் எதிரே இருந்தால் வோல்ட் ஸ்விட்ச் வேலை செய்யாது, ஹைட்ரோ பம்ப் இருக்கிறது. வில்-ஓ-விஸ்ப் பட்டவரின் நேரடித் தாக்குதல் பாதியாகிவிடும். நாலாவதாக தண்டர் வேவ் வையுங்கள், வேகமானவர்களை முடக்க.

படி 6: எண்ணிப் பாருங்கள், வேண்டாததை நீக்குங்கள்

ஐந்தாவது இடத்துக்கு எல்லாருக்கும் கை போவது டிராகாபல்ட்டுக்கு. டிராகன்/கோஸ்ட், அடிப்படை வேகம் 142, பார்க்கவும் ஜோர். சேர்த்து வைத்து எண்ணுங்கள். ஃபேரி அடிக்கு டிராகனைட், கிரேட் டஸ்க், டிராகாபல்ட் மூன்றும் பலவீனம், தாங்க ஹீட்ரான் ஒன்றே ஒன்று. ஐஸுக்கும் அதே மூன்று பேர். எதிராளி ஹீட்ரானை மட்டும் முதலில் வீழ்த்திவிட்டால் மீதி ஆட்டம் அவருக்கு எளிது. நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இதுதான்: ஒரே டைப்புக்கு மூன்று பேர் பலவீனம் என்றால், தாங்க இரண்டு பேராவது வேண்டும். டிராகாபல்ட்டோடு ஃபேரி கணக்கு இதில் தேறவில்லை.

அதனால் அந்த இடத்துக்கு வெல்ஸ்பிரிங் முகமூடி போட்ட ஓகர்பான். கிராஸ்/வாட்டர், அடிப்படை வேகம் 110. ஃபேரி, ஐஸ் இரண்டுமே இதற்குச் சாதாரண அடிதான். வாட்டர் அப்ஸார்ப் இருப்பதால் வாட்டர் அடி இதற்கு உயிரூட்டும். ஹீட்ரானும் கிரேட் டஸ்கும் வாட்டருக்குப் பயந்தவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐவி கட்ஜல், ஸ்வோர்ட்ஸ் டான்ஸ், யூ-டர்ன், பிளே ரஃப் கொடுங்கள். முகமூடியே ஐட்டம், வேறு எதையும் தர முடியாது.

ஆறாவது இடத்துக்குத் தாளில் மீதமிருப்பது கோஸ்ட். கிங்காம்பிட், டார்க்/ஸ்டீல். கோஸ்ட் அடி பாதி, சைக்கிக்கும் பாய்சனும் படவே படாது. எதிராளி அடிக்கும் மூவைத் தேர்ந்தெடுத்திருந்தால் சக்கர் பஞ்ச் முந்திக்கொண்டு விழும். டிராகாபல்ட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதற்குப் பயப்படும். நம் ஆட்கள் வீழ வீழ இதன் அடி பலமாகிக்கொண்டே போகும் என்பதால், கடைசிவரை பாதுகாத்து வையுங்கள். ஃபைட்டிங் மட்டும் நான்கு மடங்கு. அது வருவது தெரிந்தால் டிராகனைட்டை அனுப்புங்கள்.

படி 7: எண்கள்

ஈ.வி. என்ற பயிற்சிப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 510, ஒரு திறனுக்கு அதிகபட்சம் 252. லெவல் 100-இல் நான்கு புள்ளிக்கு ஒரு எண் கூடும். தொடக்கத்தில் சிக்கலாக்க வேண்டாம். அடிப்பவர்களுக்கு அடிக்கும் திறனில் 252, வேகத்தில் 252. தாங்குபவர்களுக்கு உயிரில் 252, ஒரு தற்காப்பில் 252. டிராகனைட், ஓகர்பான், கிங்காம்பிட், ஹீட்ரான் முதல் வகை, கிரேட் டஸ்கும் ரோட்டமும் இரண்டாம் வகை.

நேச்சர் ஒரு திறனைப் பத்து சதவீதம் கூட்டி, இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும். இதில் டிராகனைட்டை மட்டும் விரிவாகப் பார்ப்போம். தாக்குதலைக் கூட்டும் அடமன்ட் என்றால் வேகம் 259. ஒரு டிராகன் டான்ஸுக்குப் பிறகு 388. முழு வேகத்தில் வரும் மியாவ்ஸ்கராடா என்ற வேகமான போக்கிமானின் 379-ஐத் தாண்டிவிடும், டிராகாபல்ட்டின் 421-ஐத் தாண்டாது. வேகத்தைக் கூட்டும் ஜாலி என்றால் 284, டான்ஸுக்குப் பிறகு 426, டிராகாபல்ட்டையும் முந்தலாம். எது சரி? டிராகாபல்ட் கோஸ்ட் என்பதால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் படாது, ஜாலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்மிடம் அதற்கென்றே கிங்காம்பிட் இருக்கிறதே. ஆகவே இந்த டீமில் அடமன்ட்தான் என் தேர்வு. கிங்காம்பிட் இல்லாத டீமில் ஜாலியே போடுவேன்.

ஒன்பதாம் தலைமுறையில் டெரா என்று ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு ஒருமுறை, ஒரே ஒருவரின் டைப்பை மாற்றலாம். டிராகனைட்டுக்கு டெரா நார்மல் வையுங்கள். அதன் டைப்பும் மூவின் டைப்பும் ஒன்றாவதால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் ஒன்றரை மடங்காகும், ஐஸ் பயமும் போய்விடும். ஆனால் கிரவுண்ட் அடி படத் தொடங்கும், அதை மறக்காதீர்கள்.

படி 8: ஆடுங்கள், பிறகு திருத்துங்கள்

தரவரிசை 1000 புள்ளியில் தொடங்கும். ஒரு தோல்விக்கு ஓர் ஆளை மாற்றாதீர்கள், குறி தவறிய ஒரே ஒரு ஹைட்ரோ பம்ப்கூட ஆட்டத்தைத் திருப்பிவிடும். தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைச் சேமித்து, நாலைந்து சேர்ந்தபிறகு ஒன்றாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே எதிரி கையில்தான் தோற்றிருக்கிறீர்களா? ஒரு மூவை ஒருமுறைகூட அழுத்தவில்லையா? யாராவது உள்ளே வரவே வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்களா?

முதலில் மூவை மாற்றிப் பாருங்கள், அப்புறம் ஐட்டம், ஆளை மாற்றுவது கடைசியில். மாற்றினால் படி 6 எண்ணிக்கையை மறுபடி போடுங்கள். உதாரணமாக, ரோட்டத்துக்குப் பதில் கலாரியன் ஸ்லோகிங் வைக்கலாம். வெளியேறும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு உயிரை மீட்கும் நல்ல ஆள். ஆனால் அதுவும் கிரவுண்டுக்குப் பலவீனம். ஹீட்ரான், கிங்காம்பிட், ஸ்லோகிங் என்று மூன்று பேர் பயப்பட, எர்த்குவேக் படாத ஆள் டிராகனைட் மட்டும்தான், பாதியாக வாங்குவது ஓகர்பான். ஓகர்பான் வீழ்ந்தால் முழுச் சுமையும் டிராகனைட்மேல். அப்படி வைப்பதென்றால் ஹீட்ரானின் லெஃப்ட்ஓவர்ஸை எடுத்துவிட்டு ஏர் பலூன் கொடுங்கள். பலூன் உடையும்வரை கிரவுண்ட் அடி ஹீட்ரானையும் தொடாது.