பில்ட் கருவியைப் பல கம்பைலர்களில் சோதிப்பது எப்படி

பில்ட் கருவி என்பது எந்தக் கோப்புகள் மாறின என்று பார்த்து அவற்றைக் கம்பைலரிடம் கொடுக்கும் நிரல். அதைச் சோதிக்க மூன்று இயங்குதளம், நான்கு கம்பைலர், டீபக், ரிலீஸ் என்ற இரண்டு பில்ட் வகை என்று பெருக்கினால் 24 ஓட்டம் வரும். அத்தனையும் தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் கம்பைலரான எம்எஸ்விசி விண்டோஸில்தான் ஓடும் என்பதால் சில கூட்டணிகள் தாமாகவே கழிந்துவிடும். மிச்சத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் ஓட்டுவது மூன்றுதான்: லினக்ஸில் ஜிசிசி, மேக்கில் கிளாங், விண்டோஸில் எம்எஸ்விசி. இரவு ஓட்டத்தில் மின்ஜிடபிள்யூவும் (விண்டோஸுக்கான ஜிசிசி) ஆல்பைன் லினக்ஸும் சேரும். ஆல்பைனில் பாஷ் என்னும் கட்டளை ஷெல் இயல்பாக இருக்காது. பாஷை நம்பி எழுதிய சோதனை ஸ்கிரிப்டுகளின் சாயம் அங்கே வெளுத்துவிடும்.

ஓட்டம் தொடங்கியதும் கம்பைலரின் பதிப்பை லாகில் அச்சிடுங்கள். மேக்கில் ஜிசிசி என்று கூப்பிட்டால் பெரும்பாலும் ஆப்பிளின் கிளாங்தான் வந்து நிற்கும்.

இனி சோதனை. 'கம்பைல் ஆனது, நிரல் ஓடியது' என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது கம்பைலருக்கான சோதனை. பில்ட் கருவியின் லட்சணம் இரண்டாவது பில்டில்தான் தெரியும். மாதிரி புராஜெக்டைப் புதிய தற்காலிக ஃபோல்டரில் நகலெடுத்து பில்ட் செய்யுங்கள். எதையும் தொடாமல் மறுபடி பில்ட் செய்யுங்கள். ஒரு கோப்புகூட கம்பைல் ஆகக் கூடாது. அப்புறம் ஒரு ஹெடரை, அதாவது பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பு ஒன்றை, திருத்துங்கள். அதைச் சேர்த்துக்கொண்ட கோப்புகள் மட்டும் கம்பைல் ஆக வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இங்கே நேர முத்திரை, அதாவது கோப்பு கடைசியாக மாறிய நேரம், காலை வாரும். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை நேரத்தை ஒரு நொடித் துல்லியத்தில்தான் குறிக்கும், ஃபேட் இரண்டு நொடியில். பில்ட் முடிந்த கையோடு ஹெடரை மாற்றினால் ஹெடருக்கும் பில்டில் உருவான கோப்புக்கும் ஒரே நேரம் விழலாம். கருவி சும்மா இருந்துவிடும். இதற்காக ஸ்லீப் போட்டு நிரப்பினால் சோதனைத் தொகுப்பு ஆமை வேகத்துக்கு வந்துவிடும். பில்ட் முடிந்ததும் எல்லாக் கோப்புகளின் நேரத்தையும் பத்து நொடி பின்னுக்குத் தள்ளிவிட்டுத் திருத்துங்கள். நேரத்துக்குப் பதில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) பார்க்கும் கருவி என்றால் உள்ளடக்கமே மாற வேண்டும்.

எம்எஸ்விசியில் இன்னொரு வில்லங்கம். ஜிசிசியும் கிளாங்கும் ஹெடர் பட்டியலைத் தனிக் கோப்பில் எழுதித் தரும். எம்எஸ்விசியில் பல கருவிகள் திரையில் வரும் வரிகளைப் படித்துத்தான் அதை அறிகின்றன. அந்த வரியின் தொடக்கமோ விஷுவல் ஸ்டுடியோவின் மொழிக்கேற்ப மாறும். ஆங்கில வரியை மட்டும் தேடும் கருவி, ஜெர்மன் நிறுவலில் எந்த ஹெடரையும் காணாது. முதல் பில்ட் ஜோராக முடியும்; ஹெடரைத் திருத்தினால் ஒன்றும் நடக்காது. நிஞ்ஜா என்னும் பில்ட் கருவியில் அந்த முன்னொட்டைக் குறிப்பிடவே ஓர் அமைப்பு இருக்கிறது. வேறு மொழி நிறுவிய ஓர் இயந்திரத்தையாவது இரவு ஓட்டத்தில் சேருங்கள்.

தற்காலிக ஃபோல்டருக்கு 'சோதனை 1' என்று பெயர் வையுங்கள். இடைவெளி, யூனிகோடு இரண்டும் செலவில்லாமல் சோதனையாகிவிடும். விண்டோஸில் 260 எழுத்துப் பாதை வரம்பையும், அதன் கட்டளைச் சாளரமான சிஎம்டியின் 8191 எழுத்துக் கட்டளை வரம்பையும் வேண்டுமென்றே தாண்டும் சோதனை தலா ஒன்று போதும்.

கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்னும் தானியங்கிச் சோதனைச் சேவையில் ஓர் ஓட்டம் விழுந்தால் மேட்ரிக்ஸின் (எல்லாக் கூட்டணிகளின் பட்டியல்) மற்றவையும் நிறுத்தப்படும். அந்த இயல்பை அணைத்துவிடுங்கள். எது பிழைத்தது என்பதில்தான் துப்பு இருக்கிறது. எம்எஸ்விசி விழுந்து மின்ஜிடபிள்யூ பிழைத்தால் முதலில் கம்பைலர் கொடிகளை (கட்டளையோடு தரும் விருப்பங்களை) பாருங்கள். இரண்டும் விழுந்தால் பாதை அல்லது பூட்டிய கோப்பு. விழுந்ததைத் தானாக மறுபடி ஓட்டும் வசதியை மட்டும் நான் போடுவதே இல்லை. நேர முத்திரைப் பிழைகள் இரண்டாம் முறை பெரும்பாலும் பாஸாகிவிடும்.