லெமூரையும் சிட்டுக்குருவியையும் எப்படி ஒப்பிட்டு எழுதுறது

ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு எழுத உட்காருற பசங்க முதல்லயே தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. சிட்டுக்குருவின்னா நம்ம வீட்டு ஓட்டு இடுக்குல வைக்கோல் சொருகுற ஒரே ஒரு சிற்றினம், அறிவியல் பேரு பாஸர் டொமெஸ்டிகஸ். ஆனா லெமூர்ங்கறது குரங்குக்குச் சொந்தமான, நூறு இனத்துக்கு மேல இருக்குற பெரிய விலங்குக் கூட்டம், எல்லாத்துக்கும் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அதனால எந்த லெமூர்னு முதல்ல முடிவு பண்ணுங்க, வால்ல கருப்பு வெள்ளை வளையம் இருக்குமே, வளையவால் லெமூர் (அறிவியல் பேரு லெமூர் கட்டா), அதை எடுத்துக்கிட்டா ஈஸி.

வகைப்பாட்டை மேல இருந்து படிப்படியா இறங்குங்க. ரெண்டும் விலங்குலகம், ரெண்டும் முதுகுநாணி தொகுதி, அடுத்த படியான வகுப்புலயே பாதை பிரிஞ்சிடும். லெமூர் பாலூட்டி, குரங்கும் மனுஷனும் வர்ற பிரைமேட் வரிசை, லெமூரிடே குடும்பம். குருவி பறவை, பாஸரிஃபார்மிஸ் வரிசை, பாஸரிடே குடும்பம். பேரை மட்டும் எழுதாம காரணத்தையும் பக்கத்துலயே எழுதுங்க ப்ளீஸ், அதுதான் அழகு. லெமூரோட கீழ்முன்பல்லு சீப்பு மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், அதாலதான் முடியைக் கோதும், பின்னங்கால்ல ரெண்டாவது விரல்ல மட்டும் கூரான நகம், சொறியறதுக்கு. நம்மூர் தேவாங்குக்கும் இந்த ரெண்டும் உண்டு, லெமூரும் தேவாங்கும் சொந்தம்தான். குருவி காலைப் பாருங்க, முன்னாடி மூணு விரல் பின்னாடி ஒண்ணு, கிளையை அப்படியே பிடிச்சுக்கும்.

அடுத்து பாதுகாப்பு நிலை, இதுக்கு ஐயுசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியலைப் பாருங்க. வளையவால் லெமூர் 'எண்டேஞ்சர்ட்', அதாவது அழியுற ஆபத்துல இருக்கு. காட்டை எரிச்சு விவசாயம், கரிக்கு மரம் வெட்டுறது, வேட்டை, வளர்க்கப் பிடிச்சு விக்கிறதுன்னு எல்லாப் பக்கமும் அடி. 2020ல கணக்குப் பார்த்தப்ப 107 லெமூர் இனத்துல 103 ஆபத்துல இருந்துச்சு, படிக்கவே மனசு கனத்துப்போச்சு.

குருவி 'லீஸ்ட் கன்சர்ன்', அதாவது இப்போதைக்குப் பெரிய கவலை இல்லை. அதோட நிறுத்திடாதீங்க, எண்ணிக்கை குறையுதுன்னு அதே பட்டியல்லயே இருக்கு, பிரிட்டன்ல 2002லயே அவங்க நாட்டு சிவப்புப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க.

கடைசியா இனப்பெருக்கத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்க. குருவி ஒரு வருஷத்துல ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு முட்டை வைக்கும். தாய் லெமூர் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரே குட்டிதான் போடும், பிறந்த குட்டியை முதல்ல வயித்தோட ஒட்டிக்க விட்டும் அப்புறம் முதுகுல ஏத்தியும் சுமந்துக்கிட்டே திரியும், அப்படிப்பட்ட தாயை ஒருத்தன் பிடிச்சிட்டுப் போனா அந்த இடத்தை நிரப்ப எத்தனை வருஷம் ஆகும்னு பாருங்க.