பேட் வாங்கும்போது கையெழுத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்

கிரிக்கெட் பேட் வாங்கும்போது, வீரரின் கையெழுத்து அச்சிட்ட ஸ்டிக்கரைக் கையால் மறைத்துவிட்டு மரத்தை மட்டும் பாருங்கள். கோடுகள் கைப்பிடியிலிருந்து அடிவரை ஓரளவு நேராக ஓடுகின்றனவா, தூக்கினால் கைக்குப் பாரமில்லாமல் இருக்கிறதா, பழைய பந்தைத் தட்டினால் நன்றாக எழும்புகிறதா? அப்புறம் விலையைக் கேளுங்கள்.

ஸ்டிக்கர் என்பது விளம்பரம். சச்சின், லாரா, கோலி மூவரின் பேட்டிலும் இருந்த எம்.ஆர்.எஃப். சென்னையின் டயர் நிறுவனம்தானே! ஒரே வீரரின் பெயர் மலிவான காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த பேட்டிலும் இருக்கும், பல மடங்கு விலையுள்ள இங்கிலீஷ் வில்லோவிலும் இருக்கும். பந்தை விரட்டுவது மரமும் அதை அழுத்திப் பதப்படுத்திய விதமும்தான். ஸ்டிக்கர் ஒட்டாத பேட் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் கிடைக்கும், விலையும் குறையலாம்.

வீரர் பேனாவால் கையெழுத்திட்ட பேட்டைச் சேகரிப்புக்காக வாங்குபவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே கையெழுத்துக்குத்தான் காசு. தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடுவதற்கும் இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம், எடை சரியாக இருந்தால் போதும்.